அறுநூற்றுப் பதினோராம் பக்கம்

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிற மனுஷனுக்கு, வீட்டுக்கு வந்தால் அந்த டிராகன் புத்தகத்தைத் தவிர எதுவும் கண்ணில் படாது. மொத்தம் ஒன்பது பாகம். எல்லாம் வெளிவரப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. புதுப் பாகம் கைக்கு வந்தால் நாலே நாளில் முடித்துவிடுவார். அந்த நாலு நாளும் தட்டில் என்ன விழுகிறது என்றுகூடத் தெரியாது.

படித்து முடித்ததும் புத்தகம் கொழுந்தனாருக்குப் போகும். அவர் லிஃப்ட் மெக்கானிக். மாமியார் காலமான பிறகு அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சே குறைந்துபோயிற்று. சண்டை என்றும் சொல்ல முடியாது. பேச எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் டிராகன் என்றால் மட்டும் வாசலில் நின்றே ஒரு மணி நேரம் அளப்பார்கள். "இதோ கிளம்பிட்டேன் அண்ணி" என்று சொல்லிக்கொண்டே நிற்பார் கொழுந்தனார். ஷூவைக் கழற்றியதே இல்லை.

கடைசிப் பாகம் வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. லென்ஸ் துடைக்கிற துணியை அடையாளத்துக்கு வைப்பது இவர் வழக்கம். அது 611ஆம் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. ஞாயிறுதோறும் தம்பி வந்து, "முடிச்சாச்சாண்ணே?" என்பார். "இன்னும் நாப்பது பக்கம்டா" என்பார் இவர்.

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கண்ணாடிக் கடைக்காரருக்கே கண் போய்விட்டதா? இவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் புத்தகத்தைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்து ஓரத்தில் செங்கல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை! கண்ணாடிக்கு மெருகேற்றுகிற பொடி. எத்தனை சட்டையில் அந்தக் கறையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அடப் பாவி மனுஷா, என்றைக்கோ முடித்துவிட்டு நாடகமா ஆடுகிறாய்!

போன மாதம் ஒரு டீச்சரம்மாவுக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் மனசு இந்தப் புத்தகத்தில்தான் இருந்திருக்கும். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று முதல் பாகத்தை எடுத்து நானும் படிக்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். நான் துணி மடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"முடிச்சாச்சாண்ணே?"

"எங்கடா! அந்த ஒத்தக்கண் டிராகன் பொழைக்குமோ என்னவோன்னு நெனச்சாலே பக்கம் திரும்ப மாட்டேங்குது."

"அது பாவம், பாலத்தைத் தாண்டுறதுக்குள்ளயே..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீ எப்படா படிச்சே?"

"வந்த வாரமே. லைப்ரரில எடுத்து."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வந்து கேட்டே?"

"நீங்க முடிச்சிட்டா, அப்புறம் நான் எதைச் சாக்குச் சொல்லி இங்க வர்றது?"

"நானும் முடிச்சிட்டேன்டா. மூடி வெச்சதும், இனிமே நீ வரமாட்டேங்கிற நெனப்புதான் வந்துச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கல."

எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டு தடிமாடுகளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றன. முதல் பாகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் பொத்தென்று போட்டேன்.

"முன்னாடி போட்டிருக்கிற வரைபடமே எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. வடக்குக் கோட்டை யாரோடது? டிராகன் சாகறதைத்தான் சொல்லித் தொலைச்சிட்டீங்க, மிச்சத்தையாவது உட்கார்ந்து ஒழுங்கா சொல்லிக் குடுங்க தம்பி. ஒன்பது பாகம் இருக்கு. நான் மெதுவாத்தான் படிப்பேன்."

கொழுந்தனார் குனிந்து ஷூவைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.