நகத்தை மட்டும் சொல்லவில்லை

மாமியார் போன பிறகு மாமனார் துடியலூருக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். குளிப்பது, உண்பதெல்லாம் அவரால் தானாகச் செய்துகொள்ள முடிகிறதா என்று ஒரு நாள் கூடவே இருந்து பார்த்து வரும்படி என் கணவரும் அவருடைய அண்ணனும் என்னை அனுப்பினார்கள். முடியவில்லை என்று நான் சொன்னால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவரைக் கோயமுத்தூருக்கே கூட்டி வந்துவிடுவார்கள். அவருக்கோ அந்த வீட்டை விட்டு வரக் கொஞ்சமும் மனசில்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. பெரிய இன்ஸ்பெக்டர் மாதிரி முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

போனவள் சும்மா இருந்தேனா? அவர் கிணற்றடிக்குப் போகும் முன் ஓடிப்போய்த் தண்ணீர் சேந்தினேன். வெந்நீர் விளாவி வைத்தேன். வேட்டியைத் துவைத்தேன். சோறு போட்டு, கை கழுவச் செம்பை நீட்டினேன். ஊட்டிவிடாத குறைதான். மருமகள் வீட்டில் இருக்கும்போது மாமனார் வாளி தூக்குவதா? பார்க்கிறவர்கள் காறித் துப்ப மாட்டார்களா? அவரும் என் மரியாதைக்குக் குறுக்கே நிற்காமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கிளம்பும்போது என்னிடம் தீர்ப்பு தயார்: அவரால் ஒரு வேலையும் ஆகவில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் சோறு கொண்டுபோன தூக்குப்போசியை மறந்தது ஞாபகம் வந்தது. என்னையே திட்டிக்கொண்டு திரும்பினேன். வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். மாமனார் அரை வாளி அரை வாளியாகத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். நடுநடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கைகால் கழுவி, துண்டை அலசிக் கொடியில் போட்டார். வாசல் அடுப்பைப் பற்றவைத்து ரசத்தைச் சுடவைத்தார். எல்லாம் மெதுவாகத்தான், ஆனால் ஒன்று விடாமல். அடி கூறுகெட்டவளே, நீ அவரை எங்கே செய்ய விட்டாய் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

உள்ளே போனதும் என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார்.

"இதெல்லாம் என்னால ஆகும் அம்மணி. குனிஞ்சு கால் நகம் வெட்டத்தான் முடியறதில்லை. அதை மட்டும் பசங்ககிட்டச் சொல்லிப்போடாதே கண்ணு."

வேட்டிக் கரையெல்லாம் நகம் மாட்டிக் கிழிந்திருந்தது. துவைத்தபோது அது என் கண்ணில் படவே இல்லை. பிளேடை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார்.

"ஆட்டாதீங்க மாமா, அறுத்துப்போடும்."

அப்புறம் அசையாமல் இருந்தார். நான் தலை நிமிர்ந்தபோது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவரால் எல்லாம் முடிகிறது என்று வீட்டில் சொன்னேன். மாசம் ஒரு தரம் முறுக்கு கொடுக்கிற சாக்கில் போய் நகம் வெட்டிவிட்டு வந்தேன். ஏழு வருஷம் அந்த வீட்டிலேயே இருந்தார். அங்கேயே கண்ணை மூடினார்.

அன்றைக்குக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது, என் கணவரின் அண்ணன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அப்பனைப் பாருங்க. கடைசி வரைக்கும் நகத்தைக்கூட அவரே வெட்டிக்கிட்டாருங்க."

நாலு நாளைக்கு முன்புதான் வெட்டியிருந்தேன். ஆமாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.