ஹாரன் மாஸ்டரின் பஸ் பாடம்

நாற்பத்தாறாவது வயதில் அவர் பரீட்சை எழுதப் போனபோது, வாசலில் நின்ற காவலாளி கையை நீட்டி மறித்தார். "பெத்தவங்க எல்லாம் வெளியிலதான் சார் உக்காரணும்." அவர் சட்டைப்பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். காவலாளி படத்தையும் முகத்தையும் இரண்டு முறை மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். முதுகுத்தண்டில் வட்டு விலகியதும், பெரிய வண்டி இனி வேண்டாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சிறப்புக் குழந்தைகள் பள்ளி ஒன்றில் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள், முப்பது பிள்ளைகள். நடையில் பிள்ளைகள் கூட்டமாக நின்றால் பழக்கதோஷத்தில் வாயாலேயே "பாம் பாம்" என்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வழிவிடுவார்கள். ஹாரன் மாமா என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

வேனில் அவர் ஒன்றைக் கவனித்தார். வழக்கமான தெருவை விட்டு வேறு தெருவில் திரும்பினால், பேசவே பேசாத பிள்ளைகூட ஜன்னலைத் தட்டியது. ஒருநாள் தலைமையாசிரியையிடம் போய் நின்றார்.

"மேடம், இதுங்களுக்கு வழி எல்லாம் அத்துப்படி. நாமதான் மூட்டை மாதிரி ஏத்தி இறக்கிட்டிருக்கோம். பஸ்ல தனியாப் போகக் கத்துக்கொடுத்தா என்ன?"

"கொடுக்கலாமே. நீங்க படிச்சிட்டு வந்து கொடுங்க" என்றார் தலைமையாசிரியை, விளையாட்டாக இல்லாமல்.

சிறப்புக் கல்விக்கான இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்தார். கல்லூரியில் படித்த மகள்தான் கேள்வி கேட்டு ஒப்பிக்க வைத்தாள். "ஃபெயிலானா வெளிய சொல்ல மாட்டேன்பா, பயப்படாதீங்க." "நீ எதைத்தான் வெளிய சொல்லாம இருந்திருக்க?" என்றார் அப்பா. பாஸானார். மாமா மாஸ்டரானார்.

பஸ் ஏறுவதை அவர் இருபத்து மூன்று படிகளாகப் பிரித்தார். வரிசையில் நிற்பது, நம்பர் பார்ப்பது, கம்பியைப் பிடிப்பது, பையை மடியில் வைப்பது. வகுப்பறையில் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, துடைப்பக் கழியில் சைக்கிள் மணி கட்டினால் அதுவே பஸ். பையை மடியில் வைக்க மட்டும் ஒரு பிள்ளைக்கு இரண்டு வாரம் ஆனது. மாஸ்டருக்கு அவசரம் இல்லை.

முதலில் நிஜ பஸ்ஸுக்குத் தயாரானவள் பதினான்கு வயதுப் பெண். வீட்டில் அவளைச் சிட்டு என்பார்கள். பேச்சு வராது. தையல் வேலை செய்யும் அம்மா, தினமும் கையைப் பிடித்துக் கூட்டிவருவார்.

"அண்ணா, வழி தவறிட்டா இவ யார்கிட்ட, எப்படிக் கேப்பா?"

"வாய் இருக்கிறவங்க எல்லாம் வழி கேட்டுட்டா போறாங்க? இவ கண்ணு போதும்மா. நான் பின்னாலயே வர்றேன், விட்டுப் பாப்போம்."

நான்கு மாதம் விட்டுப் பார்த்தார்கள். முதலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பிறகு பின் இருக்கை, அப்புறம் கடைசி இருக்கை. கடைசியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போனார். நீலத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் இறங்க வேண்டும். அவள் கழுத்து அட்டையில் அந்தத் தொட்டியின் படமும் மாஸ்டரின் நம்பரும் இருந்தன.

ஒருநாள் காலை குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டியிருந்தார்கள். போலீஸ்காரர் பஸ்ஸை வேறு ரோட்டில் திருப்பிவிட்டார். மாஸ்டரின் ஸ்கூட்டர் சிக்னலில் மாட்டிக்கொண்டது. தொட்டி நிறுத்தத்துக்குப் போய்ப் பார்த்தால் யாரும் இல்லை.

இருபத்து மூன்று படிகளில் ஒன்றில்கூட, பஸ் வேறு வழியில் போனால் என்ன செய்வது என்று அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவுக்குத் தகவல் சொன்னார். பள்ளிக்குச் சொன்னார். டெப்போவைக் கூப்பிட்டார்.

ஒரு மணி பத்து நிமிடம் கழித்து, எதிர்ப்பக்கம் அதே பஸ் வந்து நின்றது. சிட்டு இறங்கினாள். கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"உங்க பொண்ணா? கடைசி ஸ்டாப்ல எல்லாரும் இறங்குங்கன்னேன். கம்பியப் புடிச்சுக்கிட்டு அசையவே இல்ல. படத்தக் காட்டுது. சரி, ரோடு திறந்துட்டான், திரும்பறப்ப விடலாம்னு கூட்டிட்டு வந்தேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"அட்டையில இருக்கற நம்பருக்கு நாலு தடவ போட்டேன் சார். நீங்கதான் யார்கூடயோ பேசிக்கிட்டே இருந்தீங்க."

சிட்டு வெள்ளைக் கோடுகளில் நின்று, இருபக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்தாள். பள்ளிக்குப் போனாள், பையை ஆணியில் மாட்டினாள், தன் இடத்தில் உட்கார்ந்தாள். அங்கே வந்து காத்திருந்த அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

"தப்பு என் பாடத்துலம்மா. அவகிட்ட இல்ல" என்றார் மாஸ்டர்.

அம்மா ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்து முடித்தார். "அட்டையில என் நம்பரையும் போடுங்க அண்ணா. நாளைக்கு நான் எங்க வீட்டு வாசல் வரைக்கும்தான் வருவேன்."

அன்றிலிருந்து நாற்காலி பஸ் அடிக்கடி பழுதானது, வழி மாறியது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனது. கீழே டயர் கடை ஆட்களை அரை மணி நேரம் இரவல் வாங்கி, நெருக்கித் தள்ளும் பயணிகளாக நடிக்க வைத்தார். அவர்கள் பிள்ளைகளைவிட உற்சாகமாகத் தள்ளினார்கள். ஆறு வருடத்தில் பதினான்கு பிள்ளைகள் தனியாக பஸ் ஏறினார்கள். இரண்டு பேருக்கு அது சரிப்படவில்லை. அவர்களுக்குக் கடைக்குப் போய்வருவதைக் கற்றுக்கொடுத்தார்.

சிட்டுவுக்கு இப்போது இருபது வயது. ஓர் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகள் மடிக்கிறாள். இரண்டு பஸ் மாறிப் போகிறாள். போன மாதம் ஒரு விடுமுறை நாளில் காலையிலேயே கிளம்பிவிட்டாள். பதினோரு மணிக்கு அம்மாவின் போனுக்கு ஒரு படம் வந்தது: பூங்கா ஏரியில் வாத்துகள், ஓரத்தில் அவளுடைய செருப்பு.

அம்மா நேராக மாஸ்டரைக் கூப்பிட்டார். "எங்க போனாலும் முன்னாடியே ஒரு வார்த்த, ஒரு படம், எதாவது அனுப்பணும்னு சொல்லிக்கொடுங்க அண்ணா. மூணு பஸ் மாறிப் போயிருக்கா தெரியுமா?" குரலில் கோபம் பாதிதான் இருந்தது.

மாஸ்டர் பாட நோட்டை எடுத்து, மூன்று பஸ்கள் எவை என்று விசாரித்து, அடுத்த பாடத்துக்காக எழுதிக்கொண்டார்.