பேச்சு முடியட்டும்

டென்மார்க்கில் யாரும் யாருக்கும் காப்பி ஊற்றிக் கொடுப்பதில்லை. எந்தக் கூட்டமானாலும் மேசை நடுவில் ஒரு பிளாஸ்க் நிற்கும், அவரவர் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். வந்து இருபது வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. 'எடுத்துக்குங்க' என்று சொல்ல ஆளில்லாத காப்பி என்ன காப்பி!

சென்ற வருடம் இங்குள்ள ஒரு பம்பு தொழிற்சாலைக்கு என்னை இயக்குநராக்கினார்கள். பதவியோடு ஒரு 'கோச்'சும் வந்தார். பெரிய பொறுப்புக்குப் புதிதாக வருகிறவரைப் பழக்கியெடுக்க இப்படி ஓர் ஏற்பாடு. தொலைபேசியில் சொன்னபோது, திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பா சிரித்தார். "அம்பது வயசுல ஒனக்கு வாத்தியாரம்மாவா?"

கியர்ஸ்டன் என்ற அந்த அம்மையார் சில வாரங்கள் என் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து கவனித்தார். பிறகு சொன்னார்: "பேசி முடிக்கும்வரை நீங்கள் காப்பியைத் தொடுவதில்லை. நீங்கள் கோபமாக இருப்பதாக ஆட்கள் நினைக்கிறார்கள்."

"பழக்கம்," என்றேன்.

"காப்பி பிடிக்காதா?"

"ரொம்பப் பிடிக்கும்."

குழம்பிப்போனார். அடுத்த வாரம் யானைப் படம் போட்ட இந்தியத் தேயிலைப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். நல்ல மனுஷி. அவருக்கு நான் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

அப்பா எங்கள் ஊரில் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர். ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டதென்று மேடைக்கு மேடை முழங்கிய காலம் அது. களத்துமேட்டில் மட்டும் மிராசுதார் வைத்ததுதான் சட்டம். கூலியை உயர்த்தாமல் குறுவையில் அரிவாள் வைக்கமாட்டோம் என்று சங்கம் நின்றது. மிராசுதார் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார். அடிதடி, வழக்கு என்று போய், கடைசியில் தாசில்தார் இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்லக் கல்லூரிக்கு லீவு போட்டு நான் போனேன்.

எல்லோருக்கும் ஒரே தட்டில் டீ வந்தது. டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ் இருந்த நாட்கள். மிராசுதார் அந்தத் தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்பாவும் தொடவில்லை.

"எடுத்துக்குங்க, ஆறிடப் போவுது," என்றார் தாசில்தார்.

"பேச்சு முடியட்டுங்க."

ஒரு வாய் குடித்துவிட்டால் வார்த்தை இளகிவிடும் என்பது அப்பாவின் எண்ணம். பொழுது சாயக் கூலி உயர்ந்தது. கைநாட்டு வைத்த பிறகு, ஆடை படிந்து சில்லிட்டிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார். மிராசுதாரின் கிளாஸ் அப்படியே இருந்தது.

இங்கே இயக்குநராக என் முதல் வேலை, மாலை ஷிஃப்டை மூடுவது. அதை அறிவிக்கும் கூட்டத்துக்குக் கியர்ஸ்டன் எனக்கு ஒத்திகை வைத்தார். முதலில் ஊற்று, ஒரு வாய் குடி, பிறகு சொல். நிதானமானவன் என்று ஆட்களுக்குத் தோன்றும். அப்படியே செய்தேன். எதிரே தொழிலாளர் பிரதிநிதி யென்ஸ். பட்டறையில் காப்பிக் குவளையில்லாத கையோடு அவரை நான் பார்த்ததே கிடையாது. அன்று அவர் முன்னால் கோப்பை காலியாகவே இருந்தது. நான் பிளாஸ்க்கை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொடவில்லை. அந்த அறையில் அதன் அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும், யாரிடமும் சொல்ல முடியாது. அத்தனை தனிமையை நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில்கூட அனுபவித்ததில்லை. ஷிஃப்ட் மூடப்பட்டது. "பிரமாதம்," என்றார் கியர்ஸ்டன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த ஆளு குடிச்சாரா?"

"இல்லப்பா."

"நீ?"

"குடிச்சேன்."

அப்புறம் கேட்டார், "சூடா இருந்துச்சா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இருந்துச்சுப்பா," என்றேன்.

இப்போதும் கூட்டங்களில் ஊற்றிக்கொள்கிறேன். முதல் வாய் இந்த ஊருக்காக. அதற்குமேல் இறங்குவதில்லை. மீதி என் முன்னால் ஆறிக்கொண்டிருக்கும்.