ஹால் கம்பளத்தில் யார் படுத்தது?

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. இதில் நடுராத்திரி கிடையாது, சுடுகாடு கிடையாது, நாய் ஊளையிடவும் இல்லை. ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்த பட்டப்பகலில், மூன்றாவது மாடி வீட்டின் ஹாலில் நடந்தது. இருட்டில் நடந்திருந்தாலாவது கண் தப்பாகப் பார்த்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம்.

அக்கா ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் தூசி இருக்கிறதா என்று பார்க்கிற ரகம். அங்கே வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'பளபளா'. கல்யாணம் தாமதமாகத்தான் ஆனது. நாற்பதை நெருங்கிய பிறகு அத்தான் வந்தார். அமைதியான மனிதர், நல்ல வேலை, சொந்த வீடு. "வேலை வேலைன்னே ஓடிட்டேன். கல்யாணம்னு ஒண்ணு இருக்கிறதே உங்களைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்துச்சு" என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார். அக்கா அப்படியே உருகிப் போனாள். ஆயுசுக்கும் இனி இதுதான் என் வீடு என்று முடிவு கட்டி, பெட்டி படுக்கையோடு போய்ச் சேர்ந்தாள்.

அந்த வீட்டு ஹாலில் ஒரு கம்பளம். கருஞ்சிவப்பு. படுக்கையறை வாசலில் தொடங்கி வெளிக்கதவு வரை நீளும். "புதுசு. உனக்காகவே வாங்கினேன்" என்றார் அத்தான். ஒரே ஒரு நிபந்தனை. அதை வெளியே எடுத்துப் போய் அலசக் கூடாது, புரட்டவும் கூடாது. தண்ணீர் பட்டால் வீணாகிவிடும் என்று கடையில் சொன்னார்களாம்.

கம்பளத்தைப் பற்றி அவளுக்கே பாடம் எடுத்ததற்கு, வேறு நாளாக இருந்தால் அத்தான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். கட்டின புதிது, போனால் போகிறதென்று விட்டுவிட்டாள்.

ஹோட்டலில் ஒரு பழக்கம் உண்டு. அறையை முடித்ததும், கம்பளத்தை நீளமான பிரஷ்ஷால் ஒரே பக்கமாக வாரிவிட்டுக்கொண்டே பின்னால் நடந்து வெளியே வர வேண்டும். வெல்வெட் துணியில் விரலால் கோடு போட்டால் கருப்பாகத் தெரியுமே, அதே மாதிரிதான். வாரிவிட்ட பிறகு யார் கால் வைத்தாலும் தடம் விழுந்துவிடும். அறைக்குள் யாராவது போனார்களா என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். அக்கா இதை வீட்டிலும் செய்தாள். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது வாரிவிட்டு, அப்படியே பின்னால் நடந்து வந்து கதவைப் பூட்டுவாள்.

ஒரு நாள் மத்தியானம் திரும்பி வந்து கதவைத் திறந்தாள். கம்பளத்தின் அந்தக் கோடியில், படுக்கையறை வாசல் பக்கம், கருப்பாக ஒரு தடம்.

கால் தடம் இல்லை. ஒரு முழங்கை. ஒரு முட்டி. பக்கத்தில் ஒரு உள்ளங்கை.

அத்தான் சாப்பிட வந்து கொஞ்சம் படுத்திருப்பார் என்று நினைத்தாள். சாயங்காலம் கேட்டாள்.

"மத்தியானம் வந்தீங்களா?"

"நானா? இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. யாரோ தரையில படுத்த மாதிரி இருந்துச்சு."

அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நீதான் கிளம்புற அவசரத்துல மிதிச்சிருப்ப" என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவினார்.

எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். நான் சிரித்தேன். "உன் தொல்லை தாங்காம கார்ப்பெட்டே எழுந்து நடக்குதுக்கா" என்றேன். அவளும் சிரித்தாள்.

அடுத்த நாளும் தடம் இருந்தது. அதே முழங்கை, அதே முட்டி. ஆனால் ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளி.

அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம்.

யாரோ கதவை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் இன்னொன்றும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. புதுக் கம்பளம் என்றால் முதல் சில மாதம் பஞ்சு பஞ்சாக நூல் உதிர்க்கும். வேக்யூம் கிளீனரின் பை நிரம்பி வழியும். இது ஒரு இழை கூட உதிர்க்கவில்லை. உதிர்ந்ததெல்லாம் முடி. நீளமான, நேரான, கரிய முடி. அக்காவுடையது கழுத்தோடு வெட்டிய சுருட்டை. கடைக்கு வந்த யாராவது ஒரு கஸ்டமரின் முடியாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தினமும் வருகிறதே, அது எப்படி என்று மட்டும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயம். இந்த வயதில் கிடைத்த வாழ்க்கையைச் சந்தேகப்பட்டுக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

கடைசியில் கை கேட்கவில்லை. அவருக்கு வார்த்தை கொடுத்திருந்தும், ஒரு காலையில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

மரத்தரை. ஹால் முழுக்க வெயில் பட்டு வெளுத்துப் போயிருந்தது. கம்பளத்துக்கு அடியில் மட்டும் தேன் நிறத்தில், புது மரம் மாதிரி இருந்தது. விளிம்புக்கு விளிம்பு அச்சாகக் கம்பளத்தின் அளவு. ஒரு மாதம் இரண்டு மாதத்தில் மரம் இப்படி வெளுக்காது. அந்தக் கம்பளம் வருஷக்கணக்காக அங்கேயேதான் கிடந்திருக்கிறது.

அக்கா மூலையை மெல்லக் கீழே விட்டாள். நெஞ்சில் யாரோ கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள். ஒரு கம்பளம் பழசு என்பதற்காக இல்லை. 'உனக்காகவே' என்று வாய் கூசாமல் சொன்னாரே, அதற்காக. அப்போதே நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்தவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. அவளுக்கு விடுமுறை என்றால் அத்தான் கதவை வெளியே கொண்டி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போவார். "கண்டவனும் பெல் அடிப்பான். நீ நிம்மதியா தூங்கு" என்பார். எவ்வளவு அக்கறை பார்த்தாயா என்று அக்கா என்னிடம் பெருமை பேசியிருக்கிறாள். நானும் ஆமாம் சாமி போட்டிருக்கிறேன்.

அன்றும் பூட்டிவிட்டுப் போனார்.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். உள்ளே என்ன அழுக்கு இருந்தாலும் இன்று வெளியே வந்தாக வேண்டும் என்று வீம்பு. ஆப்ப சோடாவைத் தூவி ஊறவிட்டு, வேக்யூமில் இழுத்தாள். ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி, சாயம் போகிறதா என்று பார்த்தாள். போகவில்லை. சோப்பு நுரையை மட்டும் எடுத்து, பஞ்சில் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். பிறகு சுத்தமான ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஃபேனைச் சுழலவிட்டாள்.

மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் ஓரிடம் மட்டும் காயவில்லை.

வளைந்து, ஒருக்களித்து, கை நீட்டி... ஒரு ஆள் அளவு ஈரம்.

தொட்டுப் பார்த்தாள். கம்பளம் சில்லென்று இருக்கும் என்று நினைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

கையை உதறிக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் சத்தம் கேட்டது.

டொக்...

டொக்... டொக்...

அடியிலிருந்து. மரத்தரையை விரல் கணுவால் தட்டுகிற சத்தம். அவள் கம்பளத்தின் மேல்தான் நின்றிருந்தாள். ஒவ்வொரு தட்டும் உள்ளங்காலில் அதிர்ந்தது.

அத்தானுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, உடனே வாங்க. வந்து கதவைத் திறங்க. வீட்டுல யாரோ இருக்காங்க."

"யாரு?"

"தெரியலைங்க. தட்டுற சத்தம் கேக்குது. பயமா இருக்கு, வாங்களேன்."

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

பிறகு மெதுவாகச் சொன்னார். "கார்ப்பெட் மேலயா நிக்குற? இறங்கி ஓரமா நில்லு."

அக்கா கம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கவில்லை.

"உங்களுக்கு எப்படி..."

போன் துண்டிக்கப்பட்டது. திரும்பப் போட்டாள். அணைத்து வைத்திருந்தார்.

பேயை விட அதுதான் அவளை உலுக்கியது. இந்த மனுஷனுக்குத் தெரியும். வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே, பெண்டாட்டியை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

கம்பளம் அவள் கண் முன்னால் அசைந்தது.

முதலில் படுக்கையறைக் கோடியில். நூல்கள் தாமாகவே சாய்ந்தன. கருப்பாக ஒரு உள்ளங்கை. பிறகு ஒரு முழங்கை. பிறகு முட்டி இழுபட்ட நீளமான கோடு.

நின்றது.

மறுபடியும் ஒரு உள்ளங்கை.

அவள் நின்ற இடத்தைத் தாண்டும்போது மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. ஃபேன் சத்தம் இல்லை. மூச்சு.

கதவை எட்டியது.

ஈரத்தின் மேல் போய்ப் படுத்தது.

டொக்... கதவின் அடிப்பாகத்தில்.

டொக்... டொக்...

பூட்டு வெளியே ஆடியது.

அக்கா கத்தினாள்.

எவ்வளவு நேரம் கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. படியில் ஓட்டமும் நடையுமாக ஆட்கள் வந்தார்கள். காவலாளி பூட்டை உடைத்தார். கதவு திறந்ததும் முதலில் உள்ளே வந்தது கீழ் வீட்டுக்காரம்மா. எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருகிற அம்மா. அன்று அவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கம்பளம் காய்ந்து கிடந்தது. ஒரு தடமும் இல்லை. அப்போதுதான் பிரஷ்ஷால் வாரிவிட்ட மாதிரி இருந்தது.

கீழ் வீட்டில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தபோது அந்த அம்மாவே ஆரம்பித்தார்.

"உயிரோட இருக்கியாம்மா நீ... அது போதும். மொத சம்சாரத்துக்கும் இப்படித்தான் ஆச்சு."

"யாரோட மொத சம்சாரம்?"

அந்த அம்மா விழித்தார். "உனக்குத் தெரியாதா?"

தெரியாது.

"அன்னைக்கும் மேல இப்படித்தான் டொக்கு டொக்குன்னு தட்டுச்சு. நான் கோவத்துல துடைப்பக் கட்டையால சீலிங்ல குத்தினேன். நிக்கல. அவருக்குப் போன் பண்ணேன். 'அவ கார்ப்பெட் தட்டிட்டு இருக்கா, நான் சொல்லிக்கிறேன்'னாரு. நானும் நம்பிட்டேன். கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுடுச்சு. சாயங்காலம் அவர் வந்து பூட்டைத் திறந்தா... கதவுல தலை முட்டிக் கிடந்துச்சு அந்தப் பொண்ணு. நெஞ்சுவலி. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஊர்ந்தே வந்திருக்கு."

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கும் மொத தட்டு கேட்டவுடனே அவருக்குப் போன் பண்ணேன். என்ன சொன்னார் தெரியுமா? 'அவ கார்ப்பெட் தட்டிட்டு இருக்கா, நான் சொல்லிக்கிறேன்.' ஒரு எழுத்து மாறல. அதான் காவலாளியைக் கூட்டிட்டு ஓடி வந்தேன்."

அக்கா அதற்குப் பிறகு மேலே ஏறவில்லை. செருப்பு கூட இல்லாமல் ஆட்டோ பிடித்து, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நானும் அம்மாவும் ஹாலில் இருந்தோம். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆனது, அந்தப் பெண் செத்தது, கதவு பூட்டியிருந்தது. அத்தானை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அந்தக் கம்பளத்தை அவர் ஏன் இத்தனை வருஷமும் அங்கேயே போட்டு வைத்திருந்தார் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. யார் அந்தப் பெண் என்று கேட்கவில்லை. எப்போது என்று கேட்கவில்லை. அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சலித்துக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் பழசு, விட்டுடலாம் மாப்பிள்ளை, அந்தக் கார்ப்பெட்டை மட்டும் தூக்கிப் போட்டுடுங்கன்னு நிச்சயத்தப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்..."

தலையைத் தடவிக்கொண்டிருந்த அந்தக் கையை அக்கா மெல்ல எடுத்து அம்மா மடியிலேயே வைத்தாள். பிறகு எழுந்து, வெறுங்காலோடு வெளியே போனாள்.