மருமகளின் கலியாணத்துக்கு வாங்கிய லென்ஸ்

லென்சின் வாய் அகலமாக இருந்தால் படம் தானாகவே நன்றாக விழும் என்று நான் நம்பியிருந்தேன். மூடத்தனம்தான். ஆனால் அந்த நம்பிக்கையோடு கல்முனையிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏறி, முழங்காலை மடித்தபடி பகல் முழுக்க இருந்து, ஏழெட்டுச் சோதனைச் சாவடியில் இறங்கிப் பையைத் திறந்து காட்டி, ஒரு லென்சை வாங்கி வந்தவன் நான். ஆகவே வெறும் மூடத்தனம் என்று சொல்லக் கூடாது. உழைத்துச் சம்பாதித்த மூடத்தனம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். எனக்குக் கல்முனையில் ஒரு சின்ன ஸ்டூடியோ. அடையாள அட்டைப் படம்தான் பிழைப்பு. அட்டை இல்லாமல் சந்திக்கு மீன் வாங்கப் போக முடியாத காலம் என்பதால், ஊரின் முக்கால்வாசி முகங்கள் என் கதிரையில் வந்து விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கின்றன. கலியாண வீடுகளுக்கும் போவேன். என் பிளாஷ் வெடிக்கும் வரைக்கும் போனேன்.

அது சாய்ந்தமருதில் நடந்தது. மாப்பிள்ளையும் தோழர்களும் சகன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கை வைக்கிறார்கள். நான் பொத்தானை அமுக்கினேன். பழைய பிளாஷ், உள்ளுக்குள் எதுவோ ‘டமார்’ என்று போனது. அடுத்த கணம் கலியாண வீடு முழுவதும் நிலத்தில் கிடந்தது. மாப்பிள்ளையின் தொப்பி கோழிக் கறிக்குள். முதலில் விழுந்தது யார் என்று பிறகு ஒரு விசாரணையே நடந்தது. நான்தான். வெடித்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ சுடுகிறான் என்று பாயில் குப்புறக் கிடந்து சாகும் நேரத்துக் கலிமாவைச் சொல்லியிருக்கிறேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அடுப்படிக் குசினிக்குள் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவளை இரண்டு பேர் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார்கள். நடுக்கம் நிற்க வெகுநேரம் எடுத்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் என் ராத்தாவின், அதாவது அக்காவின், மகளுக்குக் கலியாணம் முடிவானது. மருதமுனையில் வீடு. மச்சான், அதாவது ராத்தாவின் புருஷன், சவூதியில் சாரதி. லீவு கிடைக்கவில்லை. எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தார். மற்றப் படமெல்லாம் எப்படிப் போனாலும் பரவாயில்லையாம். மாப்பிள்ளை மகளின் நெற்றியில் கை வைத்து துஆ ஓதும் நேரத்துப் படம் ஒன்று மட்டும் தனக்கு வேண்டுமாம். ‘அதப் பாத்தாத்தான் எனக்கு அவளக் கட்டிக் குடுத்த மாதிரி இரிக்கும்’ என்று எழுதியிருந்தார்.

அந்தப் படத்தை வேறு யாரும் எடுக்க முடியாது. பொண்ணு இருக்கும் அறைக்குள் பிற ஆண் போகக் கூடாது. நான் தாய்மாமன், போகலாம். கமரா தெரிந்த தாய்மாமன் வேறு எவனும் அவளுக்கு இல்லை.

“தம்பி, படத்தப் புடி. ஆனா அந்த வெடிக்கிற சாமானோட என்ட வாசப்படி மிதிச்சிராத” என்றாள் ராத்தா.

“புதிசு வாங்குறன் ராத்தா. அது வெடிக்காது.”

“முந்தினதும் வெடிக்காதுண்டுதானே நீ சொன்ன?”

ஆகவே பிளாஷ் இல்லை. மாரி காலம், கரண்ட் வரும் போகும், அறையோ பத்தடி. பிளாஷ் இல்லாமல் இருட்டில் படம் பிடிக்கும் லென்சைத் தேடித்தான் கொழும்பு போனேன்.

கடைக்காரர் இரண்டு பழைய லென்சுகளைக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று ஐம்பது மில்லிமீற்றர், வாய் ஒன்று தசம் நான்கு. மற்றது முப்பத்தைந்து, வாய் இரண்டு. எண் குறையக் குறைய வாய் பெரிதாகும், வெளிச்சம் கூட வரும். அது எனக்குத் தெரியும். அது மட்டும்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

“எடுக்கிறது ஹோலிலயா, ரூமிலயா தம்பி?”

“ரூமில. பத்தடி.”

“அப்ப முப்பத்தஞ்சக் கொண்டு போங்க. சின்ன ரூமில ரெண்டு பேரும் தாராளமா விழுவாங்க. மத்ததில நீங்க சுவரோட ஒட்டி நிக்கணும். முழுசாத் தொறந்தா மூக்குத் தெளிவா வரும், காது மங்கிப் போகும். எங்க தெளிவு வேணுமோ அங்க மயிரிழையும் பிசகாமப் புடிக்கணும்.”

நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார். நான் நினைத்தது வேறு. கொழும்பு வியாபாரி விற்காத சரக்கை மட்டக்களப்புப் பக்கத்தான் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தேன். இரண்டையும் தூக்கி உள்ளே பார்த்தேன். ஐம்பதின் கண்ணாடி கிணறு மாதிரி இருந்தது. ஏமாறாமல் தப்பிய பெருமையோடு அதையே வாங்கினேன்.

கலியாணம் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. இருட்டுப்பட முன்னர் எல்லோரும் வீடு சேர வேண்டும் என்பதால் அந்த நாட்களில் எல்லாம் பகலில்தான். ஆனால் அன்று வானம் கறுத்து மழை கொட்டியது. கரண்டும் போயிற்று. அறையின் சன்னலில் சாரி கட்டியிருந்தார்கள்.

“சன்னல மட்டும் கொஞ்சம் திறங்களன்” என்றேன்.

“திறந்தா வேலியில நிக்கிற பொடியனுகள் பொண்ணப் பாத்திருவானுகள்” என்றாள் ராத்தா. “ஒன்ட லென்சு இருட்டிலயும் பாக்குமெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சாயே, பாக்கட்டும்!”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அலுமாரியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் பின்னால் போக இடமில்லை. குரவை எழுந்தது, மாப்பிள்ளை உள்ளே வந்தார். பொண்ணின் நெற்றியில் கை வைத்தார். கமராவுக்குள் ஒரு முகம் தெளிந்தால் மற்றது கரைகிறது. இவளைப் பிடிக்கவா, அவரைப் பிடிக்கவா? வளையத்தை இங்கும் அங்கும் திருகுகிறேன். வேர்வை கண்ணுக்குள் வடிகிறது. ரியாத்திலிருந்து மச்சான் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது போல இருந்தது. மூச்சைப் பிடித்து அமுக்கினேன். துஆ முடிந்துவிட்டது. மூன்று படங்கள்.

ஒரு கிழமையில் பிரதிகள் வந்தன. முதலாவது படத்தில் மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் அற்புதமாக விழுந்திருந்தது. மூன்று மணி பத்து நிமிடம்; வினாடிக் கோடுகளைக்கூட எண்ணலாம். அதன் இரு பக்கமும் இரண்டு முகங்கள், நனைந்த காகிதத்தில் மை பரவியது போல. மற்ற இரண்டும் அதைவிட மோசம்.

ராத்தா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள்.

“இதுல என்ட மகள் எது தம்பி?”

அவள் சேலைத் தலைப்பால் படத்தைத் துடைத்துப் பார்த்தாள். அதுதான் என்னைக் கொன்றது.

கடைசியில் நான்தான் சொன்னேன், இன்னொரு முறை எடுப்போம் என்று. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பொண்ணு வீட்டில்தான் குடியிருப்பார். ஆகவே இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். கலியாணச் சாரியை மறுபடி உடுத்தி, மழை விட்ட ஒரு காலையில், முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தினேன்.

“கையை வைங்க மருமகன். வாயச் சும்மா அசைச்சாப் போதும்.”

மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டார்.

“துஆவ நடிக்க ஏலா மாமா. ஓதினா ஓதுறதுதான்.”

பிறகு மெய்யாகவே ஓதினார். மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் எடுத்தேன். இரண்டு முகமும் தெளிவாக விழுந்தன.

அந்தப் படத்தை லீவு முடிந்து போன ஒருவரிடம் ரியாத்துக்குக் கொடுத்து அனுப்பினோம். மச்சான் அதைக் கண்ணாடி போட்டுத் தன் கட்டிலுக்கு மேல் மாட்டியிருப்பதாக எழுதினார். அது கலியாணத்தன்று எடுத்த படம் இல்லை என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.