தவமலர் அக்கா பிடித்து வைத்த கதிரைகள்

தவமலர் அக்காவுக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு பிடிவாதம். மகள் மிதுஷா பியானோ படிக்க வேண்டும். கணவர் மாரடைப்பில் போனபோது பிள்ளைக்கு ஏழு வயது. டென்மார்க்கில் எங்கள் ஊரான ஹோர்சன்ஸில் மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் பரதம், வயலின் என்று போக, இவள் பள்ளிக்கூடத்துப் பியானோவை விட்டு நகரமாட்டேன் என்று நின்றாள். சரி, படி என்றார் அக்கா. முதியோர் இல்லத்தில் சனி, ஞாயிறு மாலை வேலைகளை எல்லாம் கேட்டு வாங்கிச் செய்தார். நானும் அதே இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவன் என்பதால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

எங்கள் சமூகம் உயிரோடு இருப்பதே சனி, ஞாயிறில்தான். கலியாணம், பிறந்தநாள், பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு எல்லாம் அப்போதுதான் நடக்கும். அக்கா எதற்கும் போனதில்லை. மகளின் பள்ளிக்கூடக் கச்சேரிகளுக்குக்கூட வேலைச் சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு போவார், பாதியில் எழும்பி வேலைக்கு ஓடுவார். "தவமலருக்குத் தலைக்கனம்" என்று சனம் சொன்னது. அந்த மனிசிக்குத் தலை நிமிர்த்தவே நேரமில்லை என்பது யாருக்கும் விளங்கவில்லை.

மிதுஷா இப்போது கோப்பன்ஹேகனில் இருக்கிறாள். பேஸ் வாசிக்க ஒருத்தி, டிரம்ஸ் அடிக்க ஒருத்தன், பியானோவில் இவள் என்று மூன்று பேராக ஊர் ஊராகப் போய் ஜாஸ் வாசிக்கிறார்கள். போன நவம்பரில்தான் முதல் தடவையாக எங்கள் ஊருக்கு வந்தார்கள். துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய களஞ்சியம், உள்ளே சின்ன மேசைகளும் ஐம்பது கதிரைகளும். சனிக்கிழமை பின்னேரம் கச்சேரி.

அக்கா அன்று லீவு எடுத்தார். அதற்கு முன்னமே முன்வரிசை டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி, வீடு வீடாகப் போய்க் கையில் கொடுத்தார். எல்லாரும் தேத்தண்ணி கொடுத்து, "ஓம், கட்டாயம் வாறம்" என்றார்கள். அக்கா மகளுக்குப் போன் எடுத்து, "எங்கட ஆக்கள் எல்லாம் முன்னுக்கு இருப்பினம், பார்" என்று சொல்லிவிட்டார். இருபது வருசமாக அந்தப் பிள்ளையின் வாசிப்பை ஒரு தமிழ்ச் சனமும் இருந்து கேட்டதில்லை. அன்றைக்காவது கேட்க வேண்டும் என்பதுதான் அவருக்கு.

நான் போனபோது அக்கா பட்டுச்சேலையில் நின்றார். முன்வரிசைக் கதிரை ஒவ்வொன்றிலும் ஒரு சால்வை. சால்வை போதாத கதிரையில் கைப்பை, அடுத்ததில் குடை. எங்கள் மண்டபங்களில் இடம் பிடிக்கிறதுபோலவே பிடித்து வைத்திருந்தார். பின்னால் டெனிஷ்காரர் சிலர் இருக்க இடமில்லாமல் சுவரோடு நின்றார்கள். மண்டபத்துப் பெண் வந்து, இவர்களை முன்னால் இருத்தலாமா என்று தன்மையாகக் கேட்டாள்.

"இல்லை, அவை வந்துகொண்டிருக்கினம்" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "எங்கட ஆக்கள் பிந்தித்தானே தம்பி வாறவை" என்றார்.

மிதுஷா மேடைக்கு வந்தாள். முன்வரிசையைப் பார்த்தாள். தாய், நான், பிறகு சால்வைகள். குனிந்து வாசிக்கத் தொடங்கினாள். எனக்கு ஜாஸ் விளங்காது. ஆனால் அந்த வெறும் கதிரைகளைப் பார்த்து அவள் வாசித்த ஒவ்வொரு நிமிடமும் எனக்கு உடம்பு கூசியது. கதவு அசையும்போதெல்லாம் அக்கா திரும்பிப் பார்த்தார். மகள் வாசித்ததை அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

இடைவேளையில் போனைத் திறந்தேன். ஹேர்னிங் நகரில் எங்கள் ஆட்களில் ஒருவரான நவரத்தினத்தாரின் பேத்திக்குச் சாமத்திய வீடு, படங்கள் வந்திருந்தன. அக்காவின் கையால் டிக்கெட் வாங்கிய முகங்கள் எல்லாம் பட்டும் நகையுமாக அங்கே சிரித்துக்கொண்டு நின்றன. மண்டபம் எத்தனையோ மாதத்துக்கு முன்னமே எடுத்திருப்பார்கள். "ஓம்" என்று சொன்னபோதே வரமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வராது, அதுதான் எங்கள் நாகரிகம். அக்காவைப்போல என்னையும் அதற்குக் கூப்பிடவில்லை. அதனால்தான் நான் நல்லவனாக இங்கே இருந்தேன்.

அக்கா என் தோளுக்கு மேலால் படத்தைப் பார்த்துவிட்டார்.

"நானும் ஒருத்தரின்ர வீட்டையும் போகேல்லைத்தானே" என்றார்.

எழும்பிப் போய்ச் சால்வைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். சுவரோடு நின்றவர்களைக் கூப்பிட்டு இருத்தினார். ஒரு கிழவருக்குத் தன் கதிரையையும் கொடுத்தார். நானும் எழும்பினேன். கோட்டுகள் தொங்கிய பின்மூலையில் இருட்டுக்குள் போய் நின்றோம்.

இரண்டாம் பாதியில் முன்வரிசை நிறைந்திருந்தது. மிதுஷா அதில் தாயைத் தேடினாள். முகத்தில் வெளிச்சம் அடித்ததால் பின்னால் நின்ற நாங்கள் அவளுக்குத் தெரியவில்லை. ஒலிவாங்கியை எடுத்து டெனிஷில் சொன்னாள்: "அடுத்தது நான் அம்மாவுக்காக எழுதினது. இவ்வளவு நேரமும் இங்கதான் இருந்தா. இப்ப வேலைக்குப் போயிருப்பா. எப்பவும் பாதியில எழும்பிப் போயிடுவா."

சனம் அன்பாகச் சிரித்தது. நான் அக்காவின் முழங்கையைப் பிடித்தேன்.

"கையைத் தூக்குங்கோ அக்கா. இல்லாட்டி நான் கூப்பிடுறன்."

அக்கா சால்வைகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மகள் வாசித்து முடியும் மட்டும் அப்படியே நின்று கேட்டார். கைதட்டல் தொடங்கியதும் கதவுப் பக்கம் திரும்பினார்.

"எங்க போறியள் அக்கா?"

"வேலைக்குப் போயிட்டன் எண்டே இருக்கட்டும் தம்பி. அது அவளுக்குப் பழகினது. நிண்டால், சனம் ஏன் வரேல்லை எண்டு கேட்பாள்."