மராத்திப் படத்துக்கு நான் சொன்ன வசனம்

இங்கே அமெரிக்காவில் லிஃப்டில் ஏறினால்கூட யாராவது சிரித்துக்கொண்டே, இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். பதில் முழுதாக வருவதற்குள் தங்கள் மாடியில் இறங்கியும் விடுகிறார்கள். நான் பம்பாய் என்பேன். பிறந்து வளர்ந்தது அங்கே தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில், அதனால் பொய்யில்லை. இரண்டாயிரமாம் ஆண்டுக் கணினிக் கோளாறைச் சரிசெய்யும் ஒய்-டூ-கே வேலைக்காக வந்து சேர்ந்த இர்விங் அலுவலகத்தில், அந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொண்டவன் டக் ஒருவன்தான்.

டக் எங்கள் டீமில் டெஸ்டர். சனிக்கிழமைகளில் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் ஒரு நூலகத்தில் வெளிநாட்டுப் படங்கள் போடுகிறான். "பம்பாய்ப் படம் ஒண்ணு கிடைச்சிருக்கு, மராத்தி. சப்டைட்டில் இல்ல. உன் மொழிதானே, நீ மைக்ல சொல்லிடேன்" என்றான். என் மொழி தமிழ் என்றேன். "கிரேட், ரெண்டும் தெரியுமா?" என்று தோளில் தட்டினான். பம்பாய்க்காரனுக்கு மராத்தி தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையாட்டிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த மராத்தியெல்லாம் காய்கறிக்காரியிடமும் பஸ் கண்டக்டரிடமும் பேசியதுதான். அடுத்த பேட்டையான தாதரில் மராத்திப் பட போஸ்டர்களுக்குக் கீழேதான் தினமும் கல்லூரிக்கு நடந்தேன். ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. ஞாயிறு காலைக் காட்சியில் தமிழ்ப் படம் போட்டால் கும்பலாகப் போவோம். ஹிந்தி நம்மை விழுங்கப் பார்க்கிறது என்று இடைவேளையில் ஆவேசமாகப் பேசிக்கொள்வோம். அதே ஹிந்திக்குப் பக்கத்திலேயே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு சினிமாவை நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படம் தொடங்குமுன் பேச வேண்டியிருந்த அறிமுக உரையில் எப்படியோ தப்பித்தேன். இந்தியாவில் முதன்முதலில் படமெடுத்த மராத்திக்காரர்கள், கோலாப்பூர், புனே ஸ்டூடியோக்கள், பக்திப் படங்கள், பிறகு தமாஷா என்ற கிராமத்துக் கூத்தில் ஆடும் பெண்களின் கதைகள் என்று படித்து வந்ததை ஒப்பித்தேன். அன்றைய படமும் அப்படியோர் ஆட்டக்காரியின் கதைதான். ஆனால் அந்தக் கிராமத்து மராத்தி எனக்குப் பிடிபடவே இல்லை. முகங்களைப் பார்த்து வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். ஊர்ப் பெரிய மனிதர் முன்னால் அவள் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். நம் படங்களில் அப்படி அழுதால் மன்னிப்புக் கேட்கிறாள் என்றுதானே அர்த்தம்? தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்கிறாள் என்று மைக்கில் சொன்னேன்.

முன்வரிசையில் வத்சலா ஆன்ட்டி எழுந்தார். மகன் வீட்டோடு வந்து தங்கியிருக்கும் மராத்திக்காரர். இளம் வயதில் பார்த்த படம் என்று பக்கத்து வீட்டு அமெரிக்கத் தம்பதியை ஆசையாக அழைத்து வந்திருந்தார்.

"நோ, நோ. ஷீ நாட் ஸேயிங் ஸாரி. ஷீ ஸேயிங், ஐ வில் நாட் டான்ஸ் ஃபார் யூ."

டக் படத்தை நிறுத்தினான். கூடமே என்னைப் பார்த்தது. அது வட்டார வழக்கு, இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். ஊர்க்காரன் சொன்னால் சரி என்பதுபோல டக் படத்தை ஓடவிட்டான். ஆன்ட்டி உட்கார்ந்தார். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

படம் முடிந்து பார்க்கிங்கில் ஆன்ட்டி என்னிடம் வந்தார். "மதராஸியா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"மாட்டுங்கா, ஆன்ட்டி."

"நான் தாதர். நடந்தே வந்திடலாமே" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவர் பக்கத்து வீட்டுக்காரர்களின் காரில் ஏறிய பிறகும் அது கிளம்பவில்லை. கண்ணாடிக்குள்ளே அந்தத் தம்பதி திரும்பி உட்கார்ந்து ஏதோ கேட்க, ஆன்ட்டி பின்சீட்டிலிருந்து கையாலும் முகத்தாலும் அந்தக் காட்சியை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் கேட்க வேண்டும்போல் இருந்தது. கண்ணாடியைத் தட்டப் போனேன். எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டேன்.